பெரிய கம்பெனியில் மென்பொருள் அப்ரண்டிஸ்ஷிப்: உள்ளே போனால் எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான். லண்டன் ஹாரோ பக்கம் இருக்கும் ஒரு குடும்பம். மகன் ஏ லெவல் (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய பள்ளிப் படிப்பு) கடைசி ஆண்டு. கணினி அறிவியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. அதே நேரம் ஒரு பெரிய வங்கி, மென்பொருள் பொறியியலில் டிகிரி அப்ரண்டிஸ்ஷிப் (சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் பயிற்சி) தருவதாகக் கடிதம் அனுப்பியிருக்கிறது. "பையன் வங்கிக்குத்தான் போவேன் என்கிறான். என் கணவருக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளே உண்மையில் எப்படி இருக்கும்?" என்று அம்மா கேட்டிருக்கிறார்.

நான் லண்டனில் ஒரு பெரிய நிறுவனத்தில் பொறியாளர். செப்டம்பர் தோறும் வரும் அப்ரண்டிஸ்களில் ஒருவரோ இருவரோ எங்கள் குழுவுக்கு வருவார்கள். சிலருக்கு லைன் மேனேஜராகவும், அதாவது நேரடி மேலாளராகவும், இருந்திருக்கிறேன். முதலிலேயே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: நல்ல குழுவில் போய் விழுந்தால் இதைப்போல ஒரு தொடக்கம் வேறெங்கும் கிடைக்காது. மோசமான குழுவில் விழுந்தால் நான்கு வருடம் இழுபறி. இரண்டும் ஒரே கம்பெனிக்குள், ஒரே மாடியில்கூட நடக்கும். அதனால் வங்கியின் பெயரை வைத்து முடிவு எடுக்காதீர்கள். எந்தக் குழு, யார் மேலாளர் என்பதை வைத்து எடுங்கள்.

உங்கள் கணவரின் தயக்கம் எனக்குப் புரிகிறது. ஊரில் அப்ரண்டிஸ் என்றால் ஐடிஐ முடித்துவிட்டு ஐசிஎஃப்பிலோ அம்பத்தூர் எஸ்டேட்டிலோ ஒரு வருடம் ஓட்டுவதுதான் நம் தலைமுறைக்கு நினைவு வரும். இங்கே விஷயம் வேறு. இங்கிலாந்தில் 2015இல் தொடங்கிய டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்பில் முடிவில் கிடைப்பது முழுமையான இளங்கலைப் பட்டம். பட்டத்தைக் கொடுப்பது பல்கலைக்கழகம்தான், கம்பெனி இல்லை. லெவல் 3 என்றால் ஏ லெவலுக்குச் சமம், லெவல் 4 என்றால் பட்டப்படிப்பின் முதல் வருடத்துக்குச் சமம், லெவல் 6 என்றால் முழுப் பட்டம். கடிதத்தில் எந்த லெவல் என்று முதலில் பாருங்கள். சில கம்பெனிகள் லெவல் 4 கொடுத்துவிட்டு, "பிறகு மேலே போகலாம்" என்று சொல்லும். அந்தப் "பிறகு" எல்லோருக்கும் வருவதில்லை. உங்கள் மகனுக்கு வந்திருப்பது லெவல் 6 என்றால், பட்டம் இல்லாமல் போய்விடுமே என்ற கவலை வேண்டாம்.

பணக் கணக்கு ரொம்பச் சுலபம், அதனால் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 2025–26இல் இங்கிலாந்தில் பட்டப்படிப்புக் கட்டண உச்சவரம்பு வருடத்துக்கு 9,535 பவுண்டு. 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்களின் மாணவர் கடன், வருடச் சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டியதும், தாண்டிய தொகையில் 9 சதவீதம் என்று பிடிக்கத் தொடங்கும். 40 வருடம் வரை தொடரும். அப்ரண்டிஸ் இதில் எதுவும் கட்டுவதில்லை. பயிற்சிச் செலவை அவர் தலையில் கட்டவும் கூடாது, விதி அப்படி. அந்தச் செலவு பெரும்பாலும் அப்ரண்டிஸ்ஷிப் லெவியிலிருந்து போகும். 2017 ஏப்ரலில் வந்த இந்த வரிப்படி, வருடச் சம்பளப் பட்டுவாடா 30 லட்சம் பவுண்டுக்கு மேல் உள்ள கம்பெனிகள் அதற்கு மேற்பட்ட தொகையில் 0.5 சதவீதம் ஒதுக்க வேண்டும். பயிற்சிக்குச் செலவிடாவிட்டால் அந்தப் பணம் காலாவதி ஆகிவிடும். பெரிய கம்பெனிகள் இவ்வளவு ஆர்வமாக அப்ரண்டிஸ்களை எடுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாமே பிள்ளைகள்மேல் உள்ள பாசம் என்று நினைத்துவிடாதீர்கள்.

சம்பளம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சட்டப்படி அப்ரண்டிஸுக்கான குறைந்தபட்ச ஊதியம் 2025 ஏப்ரலில் மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது, லண்டனில் பெரிய வங்கிகள் அதைவிட நன்றாகவே தருகின்றன. ஹாரோவிலிருந்து மெட்ரோபொலிட்டன் லைனில் போய்வந்து வீட்டுச் சாப்பாடு சாப்பிடும் பையனுக்குக் கையில் கணிசமாக மிஞ்சும். பதினெட்டு வயதில் கையில் அவ்வளவு பணம் இருப்பது நல்லதா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

சரி, உள்ளே போனால் என்ன நடக்கும்?

முதல் இரண்டு மூன்று வாரங்கள் எதுவும் நடக்காது என்பதுதான் உண்மை. மடிக்கணினி வரும், அதில் எதற்கும் அனுமதி இருக்காது. ஒவ்வொரு அனுமதிக்கும் ஒரு படிவம், படிவத்துக்கு ஒரு மேலாளரின் ஒப்புதல், அந்த மேலாளர் விடுமுறையில். இடையில் கட்டாயப் பயிற்சி வீடியோக்கள்: பணமோசடித் தடுப்பு, தகவல் பாதுகாப்பு, தீ விபத்தில் எந்தப் படிக்கட்டு வழியாக இறங்குவது என்று. கூட்டங்களில் மூன்றெழுத்து, நான்கெழுத்துச் சுருக்கங்களாகவே பேசுவார்கள். பள்ளியில் முதல் ரேங்க் வாங்கிய பிள்ளைகள் இந்தக் கட்டத்தில் ரொம்பத் துவண்டுபோவார்கள். வீட்டுக்கு வந்து "இன்றைக்கும் ஒன்றும் செய்யவில்லை" என்றால் பதறாதீர்கள். எல்லோருக்கும் அப்படித்தான்.

அப்புறம் முதல் டிக்கெட் வரும். ஒரு பிழையையோ வேலையையோ பதிந்து ஒருவரிடம் ஒப்படைக்கும் சீட்டைத்தான் டிக்கெட் என்பார்கள். எங்கள் குழுவில் ஒரு பெண்ணுக்கு வந்த முதல் வேலையைச் சொல்கிறேன். அதைப் பார்த்தாலே இந்த வேலையின் தன்மை பிடிபடும். தினசரிப் பணப் பரிமாற்ற அறிக்கை ஒன்று. நள்ளிரவு 12 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் நடக்கும் பரிமாற்றங்கள் முந்தைய நாள் கணக்கில் விழுகின்றன என்று புகார். குளிர்காலம் முழுவதும் யாரும் புகார் சொல்லவில்லை, ஏப்ரலில்தான் கிளம்பியது. பிரிட்டனில் வாழ்பவர்கள் ஊகித்திருப்பீர்கள். மார்ச் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுகிறோம் இல்லையா? தரவுத்தளத்தில் நேரம் உலகப் பொது நேரத்தில் பதிவாகிறது. ஏப்ரல் 2ஆம் தேதி நள்ளிரவு 12.30க்கு நடந்த பரிமாற்றம் அதில் ஏப்ரல் 1, இரவு 11.30 என்று இருக்கும். அறிக்கை எழுதும் நிரல் லண்டன் நேரத்துக்கு மாற்றாமலேயே தேதியை எடுத்துக்கொண்டது. குளிர்காலத்தில் இரண்டு நேரமும் ஒன்றுதான் என்பதால் பிழை ஒளிந்துகொண்டிருந்தது.

திருத்தம் ஒரே வரி. அந்த வரியைக் கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. நேரம் எங்கே பதிவாகிறது, இடையில் எத்தனை சேவைகள் அதைத் தொட்டு மாற்றுகின்றன, இந்தத் தேதியை நம்பி வேறு யார் அறிக்கை எடுக்கிறார்கள், இங்கே மாற்றினால் அங்கே என்ன உடையும் என்று ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஏற்கெனவே இருந்த சோதனைகள் எல்லாம் ஜனவரி தேதியை வைத்து எழுதப்பட்டவை, அதனால் எப்போதும் பச்சை, அதாவது தேர்ச்சி. அவர் ஜூலை தேதி போட்டு ஒரு சோதனை எழுதி, அது சிவப்பாக விழுவதைக் காட்டிவிட்டு, பிறகு திருத்தத்தைச் சேர்த்தார். கணக்குப் பிரிவில் ஒருவர் இதே பிழையைச் சமாளிக்கக் கோடை மாதங்களில் எக்செல்லில் கையால் திருத்திக்கொண்டிருந்தது அந்தத் தேடலில்தான் தெரியவந்தது. அவரிடம் சொல்லாமல் நிரலை மாற்றியிருந்தால், அவர் சரியான கணக்கை மறுபடி "திருத்தி" தப்பாக்கியிருப்பார்.

பல்கலைக்கழகத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. அங்கே வெற்றுத் திரையில் தொடங்கி நீங்கள் எழுதுவீர்கள். எழுதியது மதிப்பெண் வாங்கியதும் தூக்கிப் போட்டுவிடலாம். இங்கே பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் யாரோ எழுதி, அவர் போய், இன்னொருவர் ஒட்டுப்போட்டு, அவரும் போன நிரலை முதலில் படிக்கக் கற்க வேண்டும். எழுதுவது கொஞ்சம்தான். படிப்பது, கேட்பது, காத்திருப்பது, சோதிப்பது அதிகம். "கோடிங் பிடிக்கும்" என்று வரும் பிள்ளைகளில் பலருக்கு இது முதலில் ஏமாற்றமாக இருக்கும். சிலருக்குத் துப்பறிவதுபோல் பிடித்துப்போகும். உங்கள் மகன் எந்த வகை என்று உங்களுக்கே ஓரளவு தெரியும். ஒரு பொருள் பழுதானால் உடனே புதிது வாங்கலாம் என்கிறவரா, திருகாணியைக் கழற்றி உள்ளே பார்க்கிறவரா?

கோட் ரிவ்யூ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எழுதிய மாற்றத்தை புல் ரிக்வெஸ்டாக, அதாவது பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையாக, போட்டால் மூத்தவர்கள் வரிக்கு வரி கருத்து எழுதுவார்கள். பெயர் சரியில்லை, இந்தச் சூழல் வந்தால் என்ன ஆகும், இதற்கு ஏற்கெனவே ஒரு செயல்கூறு இருக்கிறதே என்று. முதல் தடவை இருபது, முப்பது கருத்துகள் வந்து நிற்கும்போது முகம் சுருங்கிப்போகும். நல்ல குழுவில் அதே வாரம் ஒரு மூத்த பொறியாளரின் மாற்றத்துக்கும் அதேபோல் இருபது கருத்து விழுந்திருப்பதைக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு பயம் போய்விடும். மோசமான குழுவில் ஒருவர் ஒரே சொல்லில் "சரி" என்று எழுதி அனுமதித்துவிடுவார். பார்க்கச் சுகமாக இருக்கும். பிள்ளை ஒன்றும் கற்றிருக்காது.

நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒரு சிக்கல் உண்டு. எல்லோரும் அப்படி என்று சொல்லவில்லை. பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே, தெரியாததைக் காட்டிக்கொள்ளாதே என்று வளர்ந்தவர்கள் இரண்டு நாள் மாட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். குழு தினமும் கூடும் காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில் "பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்று முடிந்துவிடும்" என்பார்கள். முடியாது. எங்கள் குழுவில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: அரை மணி நேரம் முயற்சி செய், பிறகு என்னென்ன பார்த்தாய் என்று எழுதிப் போட்டுக் கேள். எழுதும்போதே பாதிக் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். மீதியை யாராவது சொல்வார்கள். ஆறாவது மாதத்தில் நன்றாக வளர்ந்திருக்கும் அப்ரண்டிஸையும் தேங்கிப்போனவரையும் பிரிப்பது மூளை இல்லை. யார் சீக்கிரம் கேட்டார் என்பதுதான்.

இனி படிப்பு. கஷ்டம் எல்லாம் இங்கேதான். வேலை நேரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது வாரத்தில் ஒரு நாள், படிப்புக்கு என்று ஒதுக்குவது நடைமுறை. சில பல்கலைக்கழகங்கள் வாரா வாரம் ஒரு நாள் வைக்கின்றன, சில மொத்தமாக ஒரு வாரம் வரச் சொல்கின்றன. காகிதத்தில் அழகாக இருக்கும். நடப்பில் வெள்ளிக்கிழமை படிப்பு நாள் என்றால், வியாழன் மாலை ஏதோ ஒன்று உடையும். வெள்ளி காலை "ஒரே ஒரு பத்து நிமிடம் வர முடியுமா" என்று செய்தி வரும். அந்தப் பத்து நிமிடம் மதியம் வரை போகும். ஒப்படைப்பு அடுத்த திங்கள். சனி ஞாயிறு போச்சு. அப்ரண்டிஸ் "வர முடியாது, இன்று எனக்குப் படிப்பு நாள்" என்று சொல்லப் பழக வேண்டும். பத்தொன்பது வயதுப் பிள்ளை மூத்தவரிடம் அதைச் சொல்வது எளிதில்லை. எனவே மேலாளர்தான் வேலி போட வேண்டும். போடுகிற மேலாளரும் உண்டு, போடாதவரும் உண்டு.

இரண்டாம் வருடக் குளிர்காலம் எல்லோரையும் ஒரு தட்டுத் தட்டும். புதுமை தீர்ந்திருக்கும். இருட்டில் கிளம்பி இருட்டில் வீடு திரும்புவார்கள். ஏ லெவலில் கூடப் படித்த நண்பர்கள் லீட்ஸிலும் பிரிஸ்டலிலும் ஒன்றாக வீடு எடுத்துத் தங்கி, கோடையில் மூன்று மாதம் ஊர் சுற்றும் படம் போடுவார்கள். இவருக்கு வருட விடுமுறை இருபத்தைந்து நாளைச் சுற்றித்தான் இருக்கும். அதிலும் தேர்வுக்கு முன் சிலவற்றைப் படிக்கவே எடுக்க வேண்டியிருக்கும். ஊருக்கு ஆறு வாரம் போய் உறவினர்களைப் பார்ப்பது இனி நடக்காது. விலகுகிறேன் என்று யாராவது வந்து நின்றால், அது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். அந்த நேரத்தில் வீட்டில் "அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பிக்காமல் இருப்பது பெரிய உதவி.

தனிமையைப் பெரிய கம்பெனி கொஞ்சம் ஈடுசெய்யும். ஒரே செப்டம்பரில் பத்துப் பேரோ ஐம்பது பேரோ சேர்ந்து ஒரு பேட்ச் உருவாகும். மதியம் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், யார் மேலாளர் எப்படி என்று ரகசியமாகப் பேசிக்கொள்வார்கள், ஒப்படைப்புக்கு முந்தைய இரவு ஒரே வாட்ஸ்அப் குழுவில் புலம்புவார்கள். சின்னக் கம்பெனியில் ஒரே ஒரு அப்ரண்டிஸாக உட்கார்ந்தால் இது கிடைக்காது. வியாழன் மாலை பப்புக்குப் போகும் பழக்கமும் இருக்கும் என்பதை ஒரு அம்மாவிடம் மறைக்க விரும்பவில்லை. ஆரஞ்சு ஜூஸ் வாங்கி ஒரு மணி நேரம் நின்று பேசிவிட்டு வருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். போகவே மாட்டேன் என்று ஒதுங்கினால்தான் சில உரையாடல்கள் காதில் விழாமல் போகும்.

போர்ட்ஃபோலியோ என்று ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி விளம்பரக் கையேடுகள் ஒரு வரி எழுதி நகர்ந்துவிடும். பட்டத்துக்கான பாடங்கள் தவிர, இந்த அப்ரண்டிஸ்ஷிப்புக்கென்று வரையறுத்த அறிவு, திறன், நடத்தை என்று நீளமான பட்டியல் உண்டு. வேலையில் செய்ததைக் கொண்டு ஒவ்வொன்றையும் நிரூபிக்க வேண்டும். நேரப் பிழையைத் திருத்தினேன் என்றால் போதாது. எப்படி ஆராய்ந்தாய், வேறு என்ன வழிகள் இருந்தன, ஏன் இதைத் தேர்ந்தெடுத்தாய், யாரிடம் பேசினாய், சோதனையின் முன்–பின் ஸ்கிரீன்ஷாட் எங்கே? எல்லாம் "நான்" என்று எழுத வேண்டும். "நாங்கள் செய்தோம்" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் உன் பங்கு என்ன என்று திருப்பி அனுப்புவார். மேலே சொன்ன பெண் அந்த ஒரு வரித் திருத்தத்தைப் பற்றி எழுதியது ஆறேழு பக்கம் வந்தது, பட்டியலில் நிறைய இனங்களை அது ஒன்றே தீர்த்தது. அவர் அன்றன்றைக்குக் குறிப்பு எழுதி வைத்திருந்தார். கடைசி ஆறு மாதத்தில் நினைவிலிருந்து எழுத உட்கார்ந்தவர்களின் நிலைமை பரிதாபம்: டிக்கெட்டுகள் மூடப்பட்டிருக்கும், கூட வேலை பார்த்தவர் கம்பெனி மாறியிருப்பார்.

முடிவில் இறுதி மதிப்பீடு. பெரும்பாலும் உண்மையான வேலைத் திட்டம் ஒன்று, அதைப் பற்றிய அறிக்கை, மதிப்பீட்டாளர்களோடு நேர்முக உரையாடல். அந்த உரையாடலில் தப்பிக்க முடியாது. இப்போது எல்லாக் குழுவிலும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர் வைத்து நிரல் எழுதுகிறார்கள், அப்ரண்டிஸ்களும் எழுதுகிறார்கள். நான் தடுப்பதில்லை. ஆனால் முதல் வருடத்தில் அது எழுதிக் கொடுத்ததை வரி வரியாக எனக்கு விளக்கச் சொல்வேன். விளக்க முடியாதவர் ரிவ்யூவில் என்னிடம் மாட்டுவார். என்னிடம் தப்பினால் இறுதி உரையாடலில் "இந்த இடத்தில் ஏன் பூட்டு போட்டாய்" என்ற ஒரு கேள்வியில் மாட்டுவார். நேரப் பிழைபோன்ற வேலைக்கு அந்த உதவியாளர் திருத்தத்தை ஒரு நொடியில் எழுதிவிடும். கணக்குப் பிரிவில் ஒருவர் எக்செல்லில் கையால் திருத்துகிறார் என்பது அதற்குத் தெரியாது.

இப்போது குழு விஷயத்துக்கு வருகிறேன். சில கம்பெனிகளில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று குழு மாற்றுவார்கள். சிலவற்றில் நான்கு வருடமும் ஒரே இடம். மாற்றுவதில் ஒரு பாதுகாப்பு உண்டு: மோசமான குழு என்றாலும் ஆயுள் தண்டனை இல்லை. ஆனால் அடிக்கடி மாற்றினால், நிரல் புரிந்து கை ஓடத் தொடங்கும்போது மூட்டை கட்ட வேண்டும். எனக்குப் பிடித்தது வருடத்துக்கு ஒன்று. மோசமான குழு என்றால் என்ன? கத்துகிறவர்கள் இருக்கும் இடம் என்று நினைக்காதீர்கள், அப்படி அபூர்வம். எல்லோரும் மரியாதையாகப் பேசுவார்கள், யாருக்கும் நேரம் இருக்காது. பிள்ளைக்குக் கைச்சோதனை செய்யும் வேலை, விக்கிப் பக்கத்தைப் புதுப்பிக்கும் வேலை, மேலாளருக்கு ஸ்லைட் போடும் வேலை என்று வந்துகொண்டே இருக்கும். வருடம் முடியும்போது உண்மையான பயன்பாட்டில் இருக்கும் அமைப்பில், அதாவது ப்ரொடக்‌ஷனில் அவர் எழுதிய நிரல் ஒரு வரிகூட ஓடாது. எனக்குத் தெரிந்த ஒருவர் ஒரு பெரிய கம்பெனியில் இப்படி ஒரு வருடத்துக்கு மேல் இருந்தார். மதிப்பீட்டு அறிக்கைகளில் எல்லாம் நன்று என்றே எழுதியிருந்தார்கள். போர்ட்ஃபோலியோவில் எழுத ஒன்றுமில்லை என்பது தெரிந்த பிறகுதான் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் தலையிட்டுக் குழுவை மாற்றினார். சில வாரங்களுக்கு ஒருமுறை அந்தப் பயிற்சியாளர், மேலாளர், அப்ரண்டிஸ் மூவரும் உட்காரும் கூட்டம் இருக்கும். அங்கே உண்மையைச் சொல்லச் சொல்லுங்கள். முடிந்தவரை கம்பெனி ஆள் இல்லாத தனிச் சந்திப்பிலும்.

முடித்த பிறகு? பெரும்பாலானவர்களை அதே கம்பெனி வைத்துக்கொள்ளும், ஆனால் அது வாக்குறுதி இல்லை. இருபத்திரண்டு வயதில் பட்டம், நான்கு வருட அனுபவம், கடன் இல்லை. அதே வயதில் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே வரும் மாணவரைவிட வேலைச் சந்தையில் இவருக்கு நிலைமை நல்லது. கணினி பட்டதாரிகளுக்கு முதல் வேலை கிடைப்பது கடினமாகிவிட்ட இந்தக் காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. ஒரு குறை உண்டு. ஒரே கம்பெனியின் சொந்தக் கருவிகளோடு வளர்ந்தவருக்கு வெளியே வழங்கும் கருவிகள் அந்நியமாக இருக்கும். இன்னொன்று: சில கம்பெனிகள் அப்ரண்டிஸாக இருந்தவருக்கு, அதே வேலைக்கு வெளியிலிருந்து வரும் பட்டதாரியைவிடக் குறைவாகக் கொடுத்து ஓட்டப் பார்க்கும். முடித்த உடனே சம்பளம் பற்றிப் பேச வேண்டும், கூச்சப்படக் கூடாது.

அப்படியானால் எல்லோரும் இதற்கே போகலாமா என்றால், இல்லை என்பேன். கணிதத்தில் ஆழமாகப் போகிற பிள்ளை, கம்பைலர் எப்படி வேலை செய்கிறது, ஒரு தேற்றத்தை எப்படி நிரூபிப்பது என்று ராத்திரி உட்கார்ந்து படிக்கிற பிள்ளை பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும். அப்ரண்டிஸ்ஷிப் பாடத்திட்டத்தில் கோட்பாடு இருக்கிறது, ஆனால் அகலம் அதிகம், ஆழம் குறைவு. தரவுத்தளம், பாதுகாப்பு, திட்ட மேலாண்மை, வணிகம் என்று எல்லாவற்றையும் தொடும். பின்னால் ஆராய்ச்சிக்குப் போக நினைப்பவர், கேம்பிரிட்ஜிலோ இம்பீரியலிலோ இடம் கிடைத்தவர் வங்கியைத் தேர்ந்தெடுப்பதாகச் சொன்னால் நான் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்கச் சொல்வேன். இன்னும் என்ன பிடிக்கும் என்றே தெரியாதவரும் அவசரப்பட வேண்டாம். பல்கலைக்கழகத்தில் பாடம் மாற்றுவது எளிது. இங்கே மாற்றினால் வேலையே போகும். வீட்டை விட்டு வெளியே தங்கி வாழப் பழக வேண்டிய பிள்ளை என்றாலும் அதையும் கணக்கில் சேருங்கள். லண்டனில் வேலை, ஹாரோவில் அம்மா சமையல் என்றால் அது நடக்காது.

நடைமுறைக்கு சில விஷயங்கள். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸில் வைத்திருக்கும் பல்கலைக்கழக இடத்தை இப்போதே விட்டுவிடாதீர்கள். யூகாஸில் விண்ணப்பிக்கும்போது தரும் ஐந்து தெரிவுகளில் அப்ரண்டிஸ்ஷிப் சேராது. இரண்டையும் கையில் வைத்துக்கொள்ளலாம். வங்கியின் கடிதத்திலும் ஏ லெவல் மதிப்பெண் நிபந்தனை இருக்கும், ஆகஸ்ட் வரை எதுவும் உறுதியில்லை. சமீபத்தில்தான் பிரிட்டனுக்கு வந்த குடும்பங்கள் இதைப் படித்தால் அவர்களுக்கு ஒன்று: இங்கிலாந்தில் அரசு நிதியோடு அப்ரண்டிஸ்ஷிப் சேர, பொதுவாக மூன்று ஆண்டுகள் இங்கே வசித்திருக்க வேண்டும், வேலை செய்யும் உரிமை வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் சேர முடியாது.

கையெழுத்துப் போடும் முன் மகனை மனிதவளத் துறைக்கு ஒரு மின்னஞ்சல் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுதாதீர்கள், பெற்றோர் எழுதினால் அங்கே வேறு மாதிரி பார்ப்பார்கள். எந்தக் குழு, அந்தக் குழுவில் இதற்கு முன் அப்ரண்டிஸ் இருந்தாரா, அவர் இப்போது எங்கே இருக்கிறார், படிப்பு நாள் எது, அது ஒப்பந்தத்தில் இருக்கிறதா, குழு மாற்றம் உண்டா, நடுவில் ஆள்குறைப்பு வந்தால் படிப்பு என்ன ஆகும். முந்தைய பேட்ச் ஆள் ஒருவரோடு அரை மணி நேரம் பேச முடியுமா என்றும் கேட்கட்டும். நல்ல இடமாக இருந்தால் உடனே ஏற்பாடு செய்வார்கள். பேசும்போது "ப்ரொடக்‌ஷனில் உங்கள் முதல் நிரல் எந்த மாதம் போனது" என்று கேட்டால் போதும். மூன்றாவது, நான்காவது மாதம் என்றால் தைரியமாகச் சேரட்டும். இரண்டாம் வருடம் என்றோ, யோசித்துப் பார்த்து மழுப்பலாகவோ பதில் வந்தால் பல்கலைக்கழக இடத்தை வைத்துக்கொண்டு வேறு குழு கேட்கட்டும். சேர்வதற்கு முன் கேட்டால் மாற்றித் தருவார்கள். சேர்ந்த பிறகு அதே கோரிக்கைக்கு ஆறு மாதம் ஆகும்.